மெயின் லைனில் ஏறிய ட்ரொலி

"உங்கட ட்ரொலி மெயின் லைனில ஓடுமோ, தங்கச்சி?"

ஸ்டேஷன் மாஸ்டர் இதைக் கேட்டபோது குடையை மடக்கக்கூட இல்லை. விரித்த குடையோடேயே எங்கள் கொட்டகைக்குள் ஓடி வந்து, பெரிய கறுப்பு எஞ்சினுக்கும் டிக்கட் ஜன்னலுக்கும் நடுவில் மூச்சு வாங்க நின்றார். குடைக் கம்பிகளிலிருந்து தண்ணீர் சொட்டி சிமெந்துத் தரையில் அவரைச் சுற்றி ஈர வட்டம் போட்டது.

"ஓடும் சேர்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான், இந்த மனிதர் எதற்கு இதைக் கேட்கிறார் என்று யோசித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். ஸ்டேஷனும் எங்கள் நூதனசாலையும் ஒரே மதிலைப் பகிர்ந்துகொண்டிருந்தும், காலையில் தலையாட்டுவதோடு சரி. அப்படிப்பட்டவர் அன்று ஒரே மூச்சில் பேசினார்.

"கண்டிக்கு வந்த ரயில் கோச்சி சுரங்கத்துக்கு அங்கால நிக்குது. முன்னுக்கு மரமும் மண்ணும். பின்னாலயும் மண் சரிஞ்சிட்டுது. கதவடியில நிண்ட ஒரு பொம்பிளைக்குக் கால் நசுங்கிப் போச்சு. இரத்தம் நிக்குதில்லையாம். கீழ றோட்டும் மூடிக் கிடக்கு. இஞ்ச கொண்டு வந்தால் அம்புலன்ஸ் கண்டிப் பக்கத்தால வரும்."

"தண்டவாளம் பாக்குற உங்க கேங் ஆளுங்ககிட்ட ட்ரொலி இருக்குமே, சேர்?"

"அவை காலமையே கம்பளைப் பக்கம் போயிட்டினம். அங்கயும் மண்சரிவு. சுமந்துகொண்டு வரலாம். ஆனால் அந்த ஏத்தத்தில எவ்வளவு நேரம் எடுக்கும்? கோச்சியில ஒரு நர்ஸ் பிள்ளை இருக்குது. கெதியா வராட்டில் தான் ஒண்டும் செய்ய ஏலாது எண்டு சொல்லுதாம்."

போன வாரம் இந்தப் பத்தியில் நான் டிக்கட் ஜன்னலில் இருந்த காலத்தை எழுதியதைப் படித்துவிட்டு, மடவளையிலிருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் கேட்டார்: "அந்த மழை நாள் கதைய ஏன் விட்டுட்டீங்க?" விடவில்லை. ஒரு வாரம் முழுவதும் அதற்கே வேண்டும் என்று வைத்திருந்தேன்.

விளையாட்டுச் சாமான்

எங்கள் நூதனசாலையைப் பார்க்காதவர்களுக்காகச் சில வார்த்தை.

கண்டியிலிருந்து கொழும்புப் பக்கம் போனால், மலை இறங்கத் தொடங்கும் இடத்தில் ஸ்டேஷனை ஒட்டி ஒரு பழைய சரக்குக் கொட்டகை. அதற்குள்ளும் வெளியிலுமாக ஓய்வு கொடுத்த எஞ்சின்கள் நிற்கின்றன. கரி தின்று நீராவி விட்ட கறுப்பு எஞ்சின்கள், அவற்றுக்குப் பிறகு வந்த டீசல் எஞ்சின்கள், குறுகிய பாதையில் ஓடிய குள்ள எஞ்சின் ஒன்று. காலையில் கதவைத் திறந்தால் முதலில் வருவது கிரீஸ் வாசம். பிறகு மழையில் ஊறிய பழைய மரத்தின் வாசம். இரண்டும் சேர்ந்து என் உடுப்பில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும்.

மற்ற நூதனசாலைகளில் "தொடாதே" என்று எழுதியிருக்கும். எங்களிடம் தொடத்தான் வேண்டும். டிரைவர் இருக்கையில் ஏறி உட்காரலாம். சிக்னல் கைபிடியைப் பிடித்து இழுத்தால் தூரத்தில் சிக்னல் கை விழுவதைப் பார்க்கலாம். ஸ்டேஷன் மணியை அடிக்கலாம். சனி ஞாயிறுகளில் அந்த மணிச் சத்தத்தில் காது அடைத்துப் போகும்.

எல்லாவற்றையும்விடக் கூட்டம் நிற்பது ட்ரொலிக்குத்தான். நாலு இரும்புச் சக்கரம், மேலே பலகைத் தட்டு, நடுவில் சீசோ மாதிரி ஏறி இறங்கும் நீளக் கைபிடி. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று மாறி மாறி அமுக்கினால் வண்டி ஓடும். முன்பு தண்டவாளம் பார்க்கிறவர்கள் அதில் ஏறிப் பாதை முழுக்கப் போய் வந்தார்கள். எங்களிடம் வந்த பிறகு கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் வந்தது. ஓட்டுவது நானும் கமலும்.

கமல் மாவனல்லைப் பக்கத்துப் பையன் என்றே எழுத வருகிறது. ஆனால் அவனுக்கே இரண்டு பிள்ளைகள். நான் அவனை மல்லி, அதாவது தம்பி, என்பேன், அவன் என்னை அக்கா என்பான். எங்கள் பேச்சில் பாதி சிங்களம், பாதி தமிழ். பிரேக்குக்கு மட்டும் இரண்டு பேருக்கும் பிரேக்தான்.

நான் மஹய்யாவைக்காரி, கண்டியில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருக்கும் இடம். அப்பா மாநகரசபையில் தெரு கூட்டியவர். மஹய்யாவை என்று சொன்னதும் சிலர் முகத்தில் ஒரு மாற்றம் வரும். எங்கே வேலை செய்தாலும் நாங்கள் கையில் என்ன பிடித்திருப்போம் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். கண்டி டவுனில் புடவைக் கடையில் நின்ற நாட்களிலும் அதைப் பார்த்திருக்கிறேன்.

டிக்கட் ஜன்னலில் இருந்து ட்ரொலிக்கு மாறியபோது எங்கள் சொந்தத்தில் சிரித்தார்கள். "கதிரையில உக்காந்து செய்யிற வேலைய விட்டுட்டு, கால்சட்டையப் போட்டுக்கிட்டு விளையாட்டுச் சாமான் ஓட்டப் போறாளாம்" என்றார் என் மாமியார். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. எங்கள் ட்ரொலி ஓடிய தூரத்தை ஒரு கிரிக்கெட் பந்து தாண்டிவிடும்.

அப்பா மட்டும் ஒன்று கேட்டார். "பிரேக் யாரு பாக்குறது?"

"நாங்கதான்ப்பா."

"அப்ப அது வேலைதான்" என்றார்.

சிவப்பு வாளிகள்

கமல் ஏற்கனவே ட்ரொலியின் அடியில் குனிந்திருந்தான். ஸ்டேஷன் மாஸ்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பிரேக் கட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். அவை புதுசு. அந்த மாதம்தான் மாற்றியிருந்தோம்.

"கட்டை நல்லா இருக்கு அக்கா. ஆனா தண்டவாளம் ஈரம்" என்றான் சிங்களத்தில்.

அதுதான் எனக்கும் பயம். கொட்டகைக்குள் தரை மட்டம். வெளியே சுரங்கம் வரை ஒரே இறக்கம். தண்டவாளத்தில் மழைத்தண்ணி, அதன்மேல் நசுங்கிய இலை. பிரேக் பிடித்தாலும் சக்கரம் சறுக்கிக்கொண்டே போகும்.

பிள்ளைகளுக்குத் தினமும் ஒன்று சொல்வேன். நீராவி எஞ்சினின் முதுகில் திமில் மாதிரி ஒன்று இருக்கிறதே, அது மணல் பெட்டி. மலையில் சறுக்கும்போது அதிலிருந்து தண்டவாளத்தில் மணல் கொட்டும். சொல்லிச் சொல்லி என் வாய்க்குப் பழகிப்போன பாடம். அன்றைக்குத்தான் அது எனக்கே நான் சொல்வது போலக் கேட்டது.

சுவரில் தீயணைக்கும் மணல் வாளிகள் சிவப்பாகத் தொங்கின.

"மல்லி, அந்த வாளிய எல்லாம் எடு."

நஸீரா டிக்கட் ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு வெளியே வந்தாள். மடவளைப் பெண். எனக்குப் பிறகு அந்தக் கதிரைக்கு வந்தவள். ட்ரொலியைக் கண்டாலே தலை சுற்றுகிறது என்று ஒரு நாளும் அதில் ஏறியதில்லை.

"யோகா அக்கா, வெளியில என்னா மழ பெய்து! நீங்க போகத்தான் வேணுமா?"

"வேற யாரு போறது?"

அவள் உள்ளே ஓடினாள். தன் மழைக்கோட்டை எடுத்து வந்து எனக்குப் போட்டு, கழுத்துப் பொத்தானை அவளே பூட்டிவிட்டாள். "அல்லாட காவல். அம்புலன்ஸ நான் பாக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு பக்க ஸ்டேஷன்களுக்கும் பேசிப் பாதையை மூடினார். வேறு எதுவும் அந்த வழியில் வராது என்று எங்கள் முகத்தைப் பார்த்து இரண்டு தரம் சொன்னார். பிறகு மழையில் நனைந்துகொண்டே போய், எங்கள் பாதையும் மெயின் லைனும் சேரும் இடத்தில் பூட்டைத் திறந்து, பாதையைத் தன் கையாலேயே மாற்றிவிட்டார்.

எங்கள் ட்ரொலி கொட்டகையை விட்டு வெளியே வந்தது. நான் அதை ஓட்டத் தொடங்கிய பிறகு அதன்மேல் மழை விழுந்தது அதுதான் முதல் முறை.

சக்கரம் மெயின் லைனில் ஏறியபோது சத்தமே மாறியது. உள்ளே கடகட என்று கத்தும் வண்டி, அங்கே ஒரே சீராக ஓசை எழுப்பியது. இத்தனை பயத்திலும் அதைக் கவனித்தேன்.

மரத்துக்கு அந்தப் பக்கம்

இறக்கத்தில் கைபிடியை அமுக்க வேண்டியதில்லை. பிடித்து நிறுத்துவதுதான் வேலை. நான் பிரேக்கில் நின்றேன். கமல் முன்னால் மண்டியிட்டு இரண்டு தண்டவாளத்திலும் மணலைத் தூவிக்கொண்டே வந்தான். பிரேக்கை இறுக்கும்போது மணல் நறநறவென்று அரைபட்டது. அந்தச் சத்தம் கேட்கும்வரை எனக்கு உயிர் இருந்தது. ஒரு வளைவில் அது நின்றது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"மல்லி! மணல்!"

அவன் வாளியை அப்படியே கவிழ்த்தான். சக்கரம் பிடித்துக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

சுரங்கத்தைத் தாண்டியதும் மரம் தெரிந்தது. வேரோடு சரிந்து, பாதைக்குக் குறுக்கே, சிவப்பு மண்ணை இழுத்துப் போர்த்துக்கொண்டு கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் கோச்சியின் மூக்கு. ஜன்னல் முழுக்க முகங்கள். பிரேக்கைப் பூட்டி, சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டை வைத்துவிட்டு, மண்ணில் முழங்கால் புதைய ஏறிப் போனோம்.

அந்தப் பெண்ணை எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் ஒரு நீள இருக்கை மெத்தையில் படுக்க வைத்திருந்தார்கள். நாற்பத்தைந்து, ஐம்பது வயது இருக்கும். இடது முழங்காலுக்குக் கீழே யாரோ ஒருவருடைய சேலைத் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதன் நிறம் என்னவாக இருந்தது என்று இப்போது சொல்ல முடியாது. பக்கத்தில் நர்ஸ் பிள்ளை, சிங்களப் பெண், சின்ன உருவம். அவள் கை அந்தக் கட்டிலிருந்து எடுபடவேயில்லை.

"அக்கா, பேரு என்னாங்க?" என்று கேட்டேன்.

"புவனேஸ்வரி. புவனான்னுவாங்க. கம்பளையில தையக்கட வச்சிருக்கேன்." உதடு வெளுத்துப் போயிருந்தது. ஆனால் பேச்சு தெளிவு. "மக வெளிநாட்டுக்குப் போறா. ஏர்போட்டுல உள்ள விட்டுட்டு வர்றேன். அவகிட்ட யாரும் சொல்லிறாதீங்க. இப்பதான் பிளேன்ல ஏறியிருப்பா."

"சொல்ல மாட்டோம்க்கா."

மெத்தையோடேயே தூக்கினோம். கோச்சி கார்டும், இரண்டு இளைஞர்களும், கமலும், நானும். மரத்துக்கு மேலால் அவரைக் கைமாற்றி இறக்கினோம். ட்ரொலியின் தட்டில் அவரைக் கிடத்தியபோது, கண்ணைத் திறந்து நடுவில் நின்ற கைபிடியைப் பார்த்தார்.

"இது என்னா வண்டி, தங்கச்சி?"

"நூதனசாலையில பிள்ளைங்கள ஏத்துற வண்டிக்கா."

"நூதனசாலையா?" வலிக்கு நடுவில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப எனக்கு டிக்கட் போடுவீங்களா?"

ஏற்றம்

இறங்கியது மணலின் புண்ணியம். ஏறியது எங்கள் கைகளால்.

இந்தப் பாதையை மலையைக் குடைந்து போட்டவர்களில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர். தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவந்து, கல் சுமக்க வைத்து, காய்ச்சலில் பறிகொடுத்தவர்கள். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் கிடையாது. நூதனசாலையில் வருகிறவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன். ஆனால் அந்த ஏற்றம் எவ்வளவு ஏற்றம் என்பது, கோச்சியில் ஜன்னலோரம் உட்கார்ந்து போன வரைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு என் தோளுக்குத் தெரிந்தது.

நானும் கமலும் ஒரு பக்கம். அந்த இரண்டு இளைஞர்கள் மறு பக்கம். ஒருவன் பேராதனையில் படிக்கிறவன், மற்றவன் லீவில் வந்த ஆமிக்காரன். நர்ஸ் பிள்ளை தட்டில் உட்கார்ந்து காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

நாலு பேரும் நாலு விதமாக அமுக்கினால் வண்டி நகராது. "நான் சொல்ற மாதிரி" என்றேன். பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே கணக்கு. "அமுக்கு... விடு. அமுக்கு... விடு." கமல் ஒவ்வொன்றுக்கும் "ஹோய்யா" என்றான். கொஞ்ச நேரத்தில் மற்ற இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

சுரங்கத்துக்குள் மழை இல்லை. எங்கள் மூச்சு திரும்பி எங்களிடமே வந்தது. இருட்டில் புவனா அக்காவின் குரல் கேட்டது.

"தங்கச்சி, இருக்கீங்களா?"

"இருக்கேன்க்கா. பேசிக்கிட்டே வாங்க. கடையில என்னா தைக்கிறீங்க?"

"ஸ்கூல் உடுப்பு... சட்ட... கல்யாணத்துக்கு பிளவுஸ்..." ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. "பிளவுஸ்..." என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார்.

"அவங்களைப் பேச வைங்க" என்றாள் நர்ஸ் பிள்ளை சிங்களத்தில். ஒரு கையால் புவனா அக்காவின் கன்னத்தைத் தட்டினாள்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்த இடத்தில்தான் வளைவும் ஏற்றமும் சேர்ந்து வரும். அங்கே படிக்கிற பையனின் கை விட்டுப்போனது. கைபிடி என் நெஞ்சில் இடித்தது. வண்டி நின்றது. ஒரு கணம் நின்று, பின்னால் உருளத் தொடங்கியது.

நான் பிரேக்கின் மேல் என் முழு உடம்பையும் போட்டேன். கமல் குதித்து இறங்கிக் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் உதைத்தான். நின்றது. பையன் அழுகிற நிலையில் இருந்தான். அவன் உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. என் கையைப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான். ஸ்டேஷன் இன்னும் கண்ணில் படவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு நம்பிக்கை இருந்தது என்று எழுதினால் அது பொய். இந்த அம்மா என் வண்டியில் செத்துப் போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே கைபிடியைத் திரும்பப் பிடித்தேன். வேறு என்ன செய்வது?

"யோகா அக்கா! ஓ... யோகா அக்கா!"

வளைவுக்கு மேலே நஸீரா. தலையில் போட்டிருந்த துணி நனைந்து ஒட்டியிருக்க, தண்டவாளச் சிலிப்பர் கட்டைகள் மேல் தாவித் தாவி ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டம். மழைக்கு எங்கள் கொட்டகையில் அகப்பட்டிருந்த பார்வையாளர்கள்: குருநாகலிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்த இரண்டு டீச்சர்மார், ஒரு வேன் டிரைவர், ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பிகள். ஸ்டேஷன் மாஸ்டரும் வந்தார். குடை இல்லாமல்.

"அம்புலன்ஸ் வந்து நிக்கிது! நாங்க தள்றோம், நீங்க பிரேக்கப் பாத்துக்கோங்க!"

வண்டியைக் கண்டாலே தலை சுற்றுகிற நஸீரா பின்பலகையில் இரண்டு கையையும் ஊன்றினாள். அவள் பக்கத்தில் டீச்சர்மார். கமல் "ஹோய்யா" என்றான். இந்த முறை மலையே திருப்பிச் சொன்னது போல இருந்தது.

எங்கள் ட்ரொலி பிளாட்போமுக்குள் நுழைந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. பிரேக் பிடித்தது ஞாபகம். யாரோ புவனா அக்காவை என் காலடியிலிருந்து தூக்கியது ஞாபகம். அம்புலன்ஸ் கதவு மூடும்முன் நர்ஸ் பிள்ளை திரும்பி, இரத்தமும் மண்ணுமாய் இருந்த கையை என்னை நோக்கித் தூக்கிக் காட்டினாள்.

பிறகு பிளாட்போமில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் தன் அறையிலிருந்து பால் இல்லாத பிளேன்டீ எடுத்துவந்து தந்தார். என்னால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. நஸீரா பிடித்துக்கொள்ள, குடித்தேன். இனிப்பு தூக்கலாக, சூடாக இருந்தது.

"நல்ல வேலை செய்தீங்கள்" என்றார் அவர். வழக்கம்போல அதற்குமேல் பேசவில்லை.

அன்று மாலையே கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. காலை வெட்டி எடுக்க வேண்டியதும் இல்லை.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். மறுநாள் காலையில் மஹய்யாவைத் தேத்தண்ணிக் கடையில் அவர் பேசிய பேச்சில், நான் ஓட்டியது ட்ரொலியா முழுக் கோச்சியா என்று சனங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். நான் திருத்தவில்லை.

புவனா அக்கா வந்த நாள்

பாதை சரியாகி, கோச்சிகள் திரும்ப ஓடத் தொடங்கிப் பல மாதங்களுக்குப் பிறகு, ஒரு வெயில் ஞாயிறு. டிக்கட் ஜன்னலில் கம்பளைப் பேச்சு கேட்டது.

"ஒரு ஆளுக்குத் தாங்க. ட்ரொலிக்கு மட்டும்."

கைத்தடி ஊன்றியிருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். தானே தைத்த மாம்பழ நிற பிளவுஸ். நஸீரா டிக்கட்டைக் கொடுக்காமல் எழுந்து வெளியே ஓடிவந்துவிட்டாள். நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

புவனா அக்கா கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தார். அதில் அவர் மகள். வேலைசெய்யும் வீட்டுச் சமையலறையில், சட்டிகளுக்கு முன்னால் நின்றாள். "இந்தாப் பாரு, இதுதான் வண்டி. இந்தா, இவங்கதான் ஓட்டுனவங்க" என்று என் முகத்துக்கு நேரே காட்டினார். அந்தப் பிள்ளை கரண்டியைக் கீழே வைத்தது. கையெடுத்துக் கும்பிட்டது. "அம்மா நல்லா இருக்காங்கம்மா, நீங்க கவலைப்படாதீங்க" என்றேன்.

பிறகு வழக்கம்போல நான் கைபிடிப் பக்கம் போனேன். அவர் கைத்தடியை நஸீராவிடம் கொடுத்துவிட்டு என்னை மறித்தார்.

"நீங்க உக்காருங்க."

"ஐயோ, கால் என்னா ஆகும்க்கா?"

"கால் நிக்கும். தையல் மெஷின் மிதிக்கிற காலு. உக்காருங்கங்கிறேன்."

கமல் சிரித்துக்கொண்டே மறு பக்கக் கைபிடியைப் பிடித்தான். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தட்டில் உட்கார்ந்தேன், பிள்ளைகள் உட்காரும் இடத்தில்.

இத்தனை காலம் அந்த வண்டியில் நின்றுதான் இருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே வேறு மாதிரி. கறுப்பு எஞ்சினின் சக்கரம் என் தலைக்கு மேலே உயர்ந்து மெல்ல நகர்ந்து போனது. துடைத்துத் துடைத்து நாங்கள் மினுக்கிய பித்தளையில் வெயில் பட்டுக் கண் கூசியது. இதைத்தான் இத்தனை பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு போனார்களா? எவ்வளவு அழகான இடத்தில் வேலை செய்கிறேன்!

கோடிக்கு வந்து நின்றோம். புவனா அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"போதுமா, தங்கச்சி?"

"இல்லக்கா" என்றேன். "இன்னொரு தடவ."